கறுவாவும் கறுவலும்

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், பெயர் அட்டைகளை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் நெருக்கி அடுக்கி வைத்திருந்தார். விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்று, "ஆ, இது வடிவான பெயர்" என்று சொல்லி ஓர் அட்டையை வெளியே எடுத்தார்.

மார்வா அதை இரண்டு கையாலும் வாங்கினார். குளிர் அங்கியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, ஊதாச் சட்டையின் இடப்பக்கத்தில் அட்டையை ஊசியால் குத்தி, தோளை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"எப்பிடி இருக்கு?"

கறுப்பு மார்க்கரால், பெரிய ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது: மார்வா கறுவல்.

"நல்லாயிருக்கு" என்றேன். அவருடைய அங்கியையும் என்னுடைய அங்கியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே சட்டை வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

அது கறுப்பின எழுத்தாளர்களின் மாநாடு. ரொறன்ரோ நகர நடுவில் ஒரு கல்லூரிக் கட்டடம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, பனி கரைந்து தெருவோரமெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு சனிக்கிழமை. அந்தக் கட்டடத்துக்குள் நிற்கும் ஒரே தமிழன் நான் என்று நினைத்தேன். கறுவல் என்ற அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்த ஒரே ஆளும் நான்தான் என்று நினைத்தேன். இரண்டும் பிழை.

ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். மார்வா பேசியதெல்லாம் கரிபியன் கடலில் இருக்கிற கிரனடாத் தீவின் ஆங்கிலம். முதல் ஆறு மாதம் எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. விளங்கத் தொடங்கிய பிறகு, அது என் தலைக்குள் எங்கள் தமிழாகவே பதிந்துபோயிற்று. ஞாபகத்தில் இருக்கிற மாதிரியே எழுதுகிறேன். இந்த முறை எதையும் மாற்றாமல்.

பண் வாசம்

நான் கனடா வந்து வேலை செய்த மூன்றாவது இடம் அஜின்கோர்ட் பக்கம் இருந்த ஒரு பேக்கரி. பேக்கரி என்றால் கடை அல்ல. யன்னல் இல்லாத நீளக் கொட்டகை. கறுவாப்பட்டைத் தூளும் சீனியும் தூவிச் சுருட்டிய பண்கள் பெல்ட்டில் வரும். ஆறு ஆறாகப் பெட்டியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த வாசம் உடம்பை விட்டுப் போகாது. தலைமுடி, சொக்ஸ், மணிக்கூட்டு வார் எல்லாவற்றிலும் கறுவா. பின்னேரம் பஸ்ஸில் ஏறினால் முன் இருக்கைச் சனங்கள் மூக்கை உயர்த்தித் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தாயிடம் பசிக்கிறது என்று அழத் தொடங்கியது என்னைப் பார்த்துத்தான்.

பொதி கட்டுகிற வரிசையில் நாங்கள் தமிழர் ஆறு பேர். எங்களுக்கு மூத்தவர் குணம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். எட்டு மணித்தியாலமும் வாய் ஓயாமல் பகிடி விடுவார். கை மட்டும் தன் பாட்டில் ஆறு ஆறாக எண்ணி வைக்கும்.

எங்கள் வரிசைக்குப் பொறுப்பு மார்வா. நாற்பது வயது கடந்த, உயரமான பெண். அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தால் குணம் அண்ணை குனிந்தபடியே சொல்லுவார்:

"கறுவல் வருகுது. வேலையைப் பாருங்கோடா."

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அந்தச் சொல்லை நான் விளக்கத் தேவையில்லை. வேலைத்தலங்களில் கேட்டிருப்பீர்கள். சொல்லியும் இருப்பீர்கள். நிறத்தைக் கொண்டு ஒரு மனிதரைக் கூப்பிடுகிற சொல். அதோடு வருகிற வினைச்சொல்லையும் பாருங்கள். 'வருகிறா' இல்லை, 'வருகுது'. ஆடு வருகுது. பஸ் வருகுது. கறுவல் வருகுது.

குணம் அண்ணை கெட்ட மனிதர் அல்ல. மனைவி சுட்ட வடையில் இரண்டைக் கடதாசியில் சுற்றி மார்வாவுக்கென்று தனியாகக் கொண்டுவருவார். ஒருநாள் குணம் அண்ணையின் கையைக் கொதிக்கிற தட்டு சுட்டபோது மார்வாதான் தன்னுடைய காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அடுத்த நாள் கட்டுப்போட்ட கையோடு வந்து, நன்றியோடுதான் சொன்னார்: "கறுவல் இல்லாட்டி என்ரை கை போயிருக்கும்."

ஒருநாள் சாப்பாட்டு அறையில் மார்வா என் முன்னால் வந்து இருந்தார். கையில் உடைந்த பண் ஒன்று. உடைந்ததை நாங்கள் தின்னலாம்.

"பாலன், நான் வாற நேரமெல்லாம் உங்கடை ஆக்கள் ஒரு சொல்லுச் சொல்லுகினம். கறுவல். அது என்ன?"

அவ்வளவு சுத்தமாக உச்சரித்தார். எத்தனை தரம் கேட்டிருந்தால் அப்படி வரும்!

நான் பண்ணைப் பார்த்தேன். அதன் மடிப்புகளில் மண்ணிறத் தூள்.

"கறுவா" என்றேன். "இந்தா, இதுதான். சினமன். எங்கடை பாசையிலை அதுக்குப் பேர் கறுவா."

பொய் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது, உண்மை சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. கறுவா என்ற சொல் எங்களிடம் இருக்கிறதுதானே. ஓர் எழுத்து வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்குள் ஒளித்துக்கொண்டேன்.

மார்வா மேசையைத் தட்டிச் சிரித்தார். "மெய்யே? எனக்குக் கறுவா எண்டோ பேர் வைச்சிருக்கினம்? எங்கடை வீட்டுக் கோடியிலை கறுவா மரம் நிண்டது. அம்மா அந்த இலையைத்தான் தேத்தண்ணிக்கு அவிப்பா." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "இந்த நாட்டுக்கு வந்து எனக்கு எத்தினையோ பேர் வைச்சிட்டினம். வாசமான பேர் ஒருத்தரும் வைக்கேல்லை."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பெல்ட் தொடங்குகிற மணி அடித்தது. எழும்பிப் போய்விட்டேன்.

வாசித்துக் காட்டுகிறவன்

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். இது பண் பேக்கரியில் தொடங்கியது அல்ல.

எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா பிறத்தியாருடைய புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர். அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. மூன்றாம் வகுப்பில் நான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்கள் என் கைக்கு வந்தன.

அக்காவின் கலியாணத்துக்கு அம்மாவின் தமையனுக்கு எழுதியிருந்தோம். அவர் கொழும்பில் கொஞ்சம் வசதியாக இருந்தார். பதில் வந்தது. அம்மா கையைச் சீலையில் துடைத்துவிட்டு, வாசி என்றார். முதல் வரியில் சுகம் விசாரித்திருந்தார். இரண்டாவது வரி: 'உங்கள் வீட்டுப் பந்தலில் வந்து இருந்து சாப்பிட எனக்கு என்ன விசரா?'

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு வாசித்தேன்: "வேலை கூடவாம். லீவு கிடைக்காதாம். பொம்பிளை மாப்பிளைக்கு ஆசீர்வாதமாம்."

அம்மா அந்த ஆசீர்வாதத்தை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த கடிதம் ஒன்றும் வந்த மாதிரியே வாசிக்கப்படவில்லை. நான் ஒரு சல்லடை மாதிரி நடுவில் இருந்தேன். கெட்டதைத் தடுத்துவிட்டு மெல்லியதை விட்டேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். வாசிக்கத் தெரிந்தவனுக்கு அந்தப் பலம் சும்மா கிடைத்துவிடுகிறது.

இப்போது நான் இங்கிருந்து எழுதும் கடிதங்களை அம்மாவுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை வாசித்துக் காட்டுகிறாளாம். அவள் என்னத்தை மாற்றுகிறாளோ தெரியாது.

படிவம்

மார்வா கவிதை எழுதுவார் என்பது பேக்கரியில் எனக்கு மட்டும்தான் தெரியும். பெட்டிக் கணக்கு எழுதுகிற தாளின் பின்பக்கத்தில் எழுதி, நாலாக மடித்து, வெள்ளை மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார். நான் தமிழில் எழுதுவேன், ஒரு தமிழ்ப் பத்திரிகையில் என் கவிதை இரண்டு வந்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து மத்தியானத்தில் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

மாநாட்டுப் படிவத்தை அவர்தான் நூலகத்திலிருந்து எடுத்து வந்தார். எல்லாரும் வரலாம் என்று கீழே போட்டிருந்தது. புதிதாக எழுதுகிறவர்கள் பின்னேரம் மூன்று மணிக்கு மேடையில் ஐந்து நிமிடம் வாசிக்கலாம்.

"உன்ரை கையெழுத்து அச்சு மாதிரி. நீ நிரப்பு" என்றார். எனக்குப் பெருமை. பேனையை எடுத்தேன்.

என்னுடைய படிவத்தில் ஒரு கூத்து நடந்தது. குடும்பப் பெயர் என்ற பெட்டியில் எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரை, சின்னத்தம்பி என்று எழுதினேன். அட்டைக்கான கேள்வியை வெறுமனே விட்டுவிட, மாநாட்டுக்காரர் அதையே அட்டையில் போட்டுவிட்டார்கள். அன்று முழுக்க எல்லாரும் என்னை "மிஸ்டர் சின்னத்தம்பி" என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பன் கடையில் பெருவிரலை மையில் தொட்டு வைக்கிற என் அப்பா, எழுத்தாளர் மாநாடு ஒன்றில் என் சட்டையில் குத்தப்பட்டுத் திரிந்தார்.

மார்வாவின் படிவத்தில் கடைசிக் கேள்வி: அட்டையில் பெயர் எப்படி வர வேண்டும்?

"மார்வா கறுவல் எண்டு போடு" என்றார். அவருக்குக் கறுவாவும் கறுவலும் ஒன்றுதான்.

என் பேனை நின்றது.

"என்ன? எழுத்துக்கூட்டத் தெரியாதோ? உன்ரை பாசைதானே?"

"இல்லை... உங்கடை சொந்தப் பேரையே..."

"கவிதைக்கு ஒரு பேர் வேணும் பாலன். எழுது."

ஏழு ஆங்கில எழுத்து. அச்சு மாதிரியான என் கையெழுத்தில், கோட்டுக்கு மேலே நேராக எழுதினேன். கடித உறையை நக்கி ஒட்டித் தபாற்பெட்டியில் போட்டதும் நான்தான். மாநாட்டுக்காரருக்கு அது விளங்காது, விட்டுவிடுவார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அவர்கள் விடவில்லை.

கதிரை அடுக்கிய ஐயா

காலை அமர்வில் மூன்று எழுத்தாளர்கள் மேடையில் இருந்தார்கள். ஊரில் பேசுகிற ஆங்கிலத்தைப் புத்தகத்தில் அப்படியே எழுதலாமா என்பது பேச்சு. அவர்களில் ஒரு பெண் சொன்னார், பதிப்பாளர் தன்னுடைய நாவலின் கடைசியில் அரும்பதங்களுக்கு அர்த்தம் எழுதி ஒரு பக்கம் சேர்க்கச் சொன்னாராம். இவர் மறுத்துவிட்டாராம்.

கீழேயிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப சொல்லு விளங்காத ஆள் என்ன செய்யிறது?"

"பக்கத்திலை இருக்கிறவரைக் கேக்கட்டும்" என்றார் அவர். மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு சேர்த்துச் சொன்னார்: "கேட்டால், பக்கத்திலை இருக்கிறவர் உண்மையைச் சொல்லட்டும்."

மார்வா கை தட்டினார். என் முழங்கையை இடித்து, "கேட்டியோ? நான் உன்னைத்தானே கேட்டனான்" என்று காதுக்குள் சொன்னார். பிறகு மடித்த இரண்டு தாள்களைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி உள்ளே வைத்துக்கொண்டார். "இண்டைக்கு வாசிக்கப் போறது உங்களைப் பற்றித்தான். முதல் பக்கம் என்ரை அம்மா. ரெண்டாம் பக்கம் உங்கடை ஆக்கள் எனக்கு வைச்ச பேர். மேடையிலை கேள்."

இடைவேளையில் புத்தக மேசைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். சுவரோரம் ஒருவர் மடக்குக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை. நீலச் சீருடை. என் அட்டையில் இருந்த சின்னத்தம்பியை வாசித்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"தம்பி தமிழோ?"

"ஓம் ஐயா."

"நினைச்சனான்." அவருடைய கண் என்னைத் தாண்டிப் போனது. சற்றுத் தள்ளி மார்வா யாருடனோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, உந்த மனுசி ஏன் உந்தப் பேரை எழுதிக் குத்திக்கொண்டு நிக்குது? ஆரோ எங்கடை பெடியள் பகிடிக்கு எழுதிக் குடுத்திட்டாங்கள் போலை."

நான் புத்தகம் ஒன்றைத் தூக்கி விலையைப் பார்த்தேன்.

"பாவம், சந்தோசமாயெல்லே நிக்குது" என்றார். கதிரையொன்றை மடக்கிக்கொண்டே, "ஆர் செய்தவனோ தெரியாது. பள்ளிக்கூட வாசலை மிதிச்சவனாய் இராது" என்றார்.

சோறு ஆறமுதல்

மத்தியானச் சாப்பாடு அலுமினியத் தட்டுகளில் வந்தது. தேங்காய்ப்பாலில் சிவப்பு அவரை போட்டு அவித்த சோறு, பொரித்த வாழைப்பழம், உறைப்பான கோழி. நாங்கள் இருவரும் படிக்கட்டில் இருந்தோம். மார்வா முதல் வாய் வைத்தார்.

"மார்வா, கறுவல் எண்டால் கறுவா இல்லை."

"பின்னை?"

"கறுவா வேறை சொல்லு. கறுவல் எண்டால்... கறுத்த ஆள். நல்லவிதமாய்ச் சொல்லுறேல்லை."

முள்ளுக்கரண்டி தட்டின் ஓரத்தில் நின்றது.

"ஆர் சொல்லுறது? குணமோ?"

"எல்லாரும்."

"நீ?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் படிக்கட்டில் இருந்தேன்.

"வந்த புதிசிலை சொல்லியிருக்கிறன். பிறகு அவை சொல்லேக்கை பேசாமல் நிண்டிருக்கிறன்."

மார்வா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன்னுடைய கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தா பார். என்ன வித்தியாசம்? உன்னை என்னெண்டு கூப்பிடுகினம்?"

"பாலன் எண்டு."

"ஊரிலை?"

"பள்ளிக்கூடத்திலை என்னையும் கறுவல் எண்டுதான். வாத்தியாரே அப்பிடித்தான் கூப்பிடுவார். வரவு இடாப்பிலை பேர் இருக்கும், ஆனால் கூப்பிடமாட்டார்."

"அப்ப உனக்கு ஆர் அது கறுவா எண்டு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

கையை விட்டார். மேலே யாரோ சிரித்துக்கொண்டு இறங்கி வந்து எங்களைக் கடந்து போனார்கள்.

"மூண்டு மணிக்கு நான் வாசிக்க வேணும். உனக்கு இப்பதான் வாய் திறந்துதோ? நாளைக்குச் சொல்லியிருக்கலாமே?"

"நாளைக்கெண்டால் நீங்கள் வாசிச்சு முடிச்சிருப்பியள்."

மார்வா எழும்பினார். தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சோற்றிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

மூன்று மணி

நான் கடைசி வரிசையில் இருந்தேன். போய்விடலாம் என்று இரண்டு தரம் எழும்பினேன். மார்வாவின் குளிர் அங்கி என் மடியில் கிடந்தது. வெளியே பனிக்காற்று. அதை விட்டுவிட்டும் போக முடியாது, கொண்டும் போக முடியாது.

நாலாவது ஆளாக அவரைக் கூப்பிட்டார்கள். அறிவிப்பாளர் பட்டியலைப் பார்த்துத் தெளிவாக, பாசமாக, ஒலிபெருக்கியில் வாசித்தார்: "மார்வா கறுவல்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சப்பாத்துச் சத்தம் மேடை ஏறியது. நிமிர்ந்தபோது அவருடைய சட்டையில் அட்டை இருந்தது. ஆனால் திருப்பிக் குத்தியிருந்தார். வெறும் வெள்ளைப் பக்கம்.

முதல் பக்கத்தை வாசித்தார். தாய் விடிய எழும்பி இலை பறிப்பது, கொதிதண்ணீரில் அது நிறம் மாறுவது, தங்கை அடுப்புப் புகைக்குள் நின்று இருமுவது. பிறகு அஜின்கோர்ட், பெல்ட், எத்தனை தரம் கழுவினாலும் விரலை விட்டுப் போகாத வாசம். வேலை செய்கிற இடத்தைப் பற்றியும் கவிதை எழுதலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் அதுவரை எழுதியதெல்லாம் நிலவு.

இரண்டாவது தாளை எடுத்தார். பார்த்தார். மடித்தார்.

"இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு" என்றார். "இண்டைக்கு மத்தியானம் வரைக்கும் அது உண்மை. இப்ப இல்லை. அதாலை இதோடை நிப்பாட்டுறன்."

மண்டபத்தில் பலமாகக் கை தட்டினார்கள். அதுவும் கவிதையின் வரிதான் என்று நினைத்திருப்பார்கள். கதவோரம் கதிரை அடுக்கிய ஐயா நின்று தானும் தட்டிக்கொண்டிருந்தார்.

மார்வா என் பக்கம் கையைக் காட்டவில்லை. ஒரு தரம் பார்க்கவுமில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு 'ங்கோ'

எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார். அங்கிக்காகத்தான் வந்தார் என்று நினைத்து நீட்டினேன். போட்டுக்கொண்டு, "வா, ரெயினைப் பிடிப்பம்" என்றார். இருவரும் மோர்னிங்சைட்டில்தான் இருந்தோம், ஒரே பாதை.

சப்வேயில் கென்னடி நிலையம் வரை போய், பஸ்ஸில் மாறி இருந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒரு வசனம் சொல்லித் தா. தமிழிலை. என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லி."

மெதுவாகச் சொன்னேன்: "என்ரை பேர் மார்வா. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ."

இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "அந்தக் கடைசியிலை வாற 'ங்கோ' என்ன?"

"அது மரியாதைக்கு."

"மரியாதையோ? அவைக்கோ? அதில்லாமல் தா."

"கூப்பிடு."

"கூப்பிடு. கூப்பிடு. இது நல்லாயிருக்கு, சின்னன்."

"ஆனால் மார்வா, 'ங்கோ' போட்டுச் சொன்னால்தான் அவைக்கு உறைக்கும்."

"ஏன்?"

"அவை உங்களுக்குப் போடுறேல்லை."

யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு நிறுத்தம் போயிருக்கும். பிறகு, முன் இருக்கையில் இருந்த எங்கள் தமிழ் அன்ரிமார் இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி, உரக்கச் சொல்லிப் பழகத் தொடங்கினார். மோர்னிங்சைட் வரும் வரைக்கும் ங்கோ, ங்கோ என்று வந்தார்.

திங்கட்கிழமை காலை. கதவு திறந்தது. குணம் அண்ணை வழக்கம்போலக் குனிந்தபடி, "கறுவல் வருகுது" என்றார்.

நான் இந்த முறை பேசாமல் நிற்கவில்லை. "அண்ணை, அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றேன். குரல் கீச்சிட்டு வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்க, மார்வா அவர் முன்னால் வந்து நின்றார்.

"என்ரை பேர் மார்வா. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ."

ஆறு பேருடைய கையும் நின்றது. பெல்ட் மட்டும் ஓடியது. பண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசி முனையில் பொத்துப் பொத்தென்று நிலத்தில் விழுந்தன.

"ஓம்" என்றார் குணம் அண்ணை. கொஞ்சம் பொறுத்து, "ஓம், மார்வா. சொறி" என்றார்.

மார்வா விழுந்த பண்களைக் காட்டி, ஆங்கிலத்தில் வழக்கமான ஏச்சை ஏசிவிட்டுப் போனார்.

குணம் அண்ணை கன நேரம் வாய் திறக்கவில்லை. அது அந்தப் பேக்கரியில் முன்னொரு நாளும் நடக்காதது. தேத்தண்ணி நேரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏச்சுக் கேட்கத் தயாராகப் போனேன்.

"ஆரடா அவவுக்குத் தமிழ் படிப்பிச்சது?"

"நான்தான் அண்ணை."

"அதெல்லே பார்த்தன்." தன்னுடைய கையில் இருந்த பழைய சூட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டார். "மனுசி எனக்கு 'ங்கோ' போட்டெல்லே கதைக்குது... கதைக்கிறா."

திருத்திச் சொன்னார். அதை நான் கேட்டேன்.

இரண்டாம் பக்கம்

அந்தப் பேக்கரி இப்போது இல்லை. கொட்டகைக்குள் மேசை, கதிரை என்று தளபாடம் விற்கிறார்கள். குணம் அண்ணை சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார். மார்வா மகளோடு விட்பி நகரத்துக்குப் போய்விட்டார், இடைக்கிடை தொலைபேசியில், "எப்பிடி இருக்கிறியள் மிஸ்டர் சின்னத்தம்பி?" என்று கேட்பார். எங்கேனும் கடைத்தெருவில் கறுவாவும் வெண்ணெயும் சூடாக மணத்தால் நான் நின்றுவிடுகிறேன். வேலை கடினம், சம்பளம் குறைவு, கால் வலி. என்றாலும் அந்த வாசத்துக்குள் திரும்ப ஒருநாள் நிற்கலாம் என்றால் நிற்பேன்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு இரண்டு கிழமை மார்வா என்னோடு சாப்பிடவில்லை. தனி மேசையில் எழுதிக்கொண்டிருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து முன்னால் இருந்து, நாலாக மடித்த தாளை மேசையில் வைத்தார்.

"ரெண்டாம் பக்கம். புதுசு. சத்தமாய் வாசி, எனக்குக் காதாலை கேக்க வேணும்."

விரித்தேன். கண் முன்னுக்கு ஓடியது. பழைய பழக்கம், வாய் திறக்கமுதல் என்ன வருகிறது என்று பார்த்துவிடும். கவிதையின் நடுவில் நான் இருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். மார்வா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வாசித்தேன்.

"அழகான கையெழுத்துக்காரன் ஒருவன்
என் பெயருக்குப் பொய் அர்த்தம் சொன்னான்.
பொய் இனிப்பாக இருந்தது, நான் தின்றேன்.
உண்மையைக் கொண்டுவந்தவனும் அவன்தான்,
பிந்தி, ஆனால் சோறு ஆறமுதல்."

பிறகும் ஆறேழு வரி. இரண்டில் நான் கோழை என்று இருந்தது. அதையும் வாசித்தேன். ஓரிடத்தில் தடக்கினேன். நிறுத்தி, அதே வரியைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன்.

"ஏதும் மாத்தினியோ?" என்று கேட்டார்.

"இல்லை."

மார்வா பண்ணில் ஒரு பாதியை உடைத்து என் பக்கம் தள்ளினார்.

"அப்ப திருப்பி ஒருக்கா வாசி."

திருப்பி வாசித்தேன்.